இரண்டு மடங்கு மாமா

2021-இல் வாட்ஸ்அப் குரல் செய்திக்கு ஒன்றரை, இரண்டு மடங்கு வேகம் வந்தது. கேட்டுப் பழக வேண்டுமாம்! மதுரைக்காரனிடமா? மாட்டுத்தாவணியில் வண்டி நகரும்போதே கண்டக்டர் 'திருமங்கலம்விருதுநகர்சாத்தூர்கோவில்பட்டி' என்று நாலு ஊரை ஒரே மூச்சில் விழுங்குவார். கூடையோடு நிற்கும் அப்பத்தா அதில் சாத்தூரை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். டேப் ரெக்கார்டர் காலத்தில் வேகம் கூட்டினால் குரல் கீச்சிடும். இப்போது சுருதி மாறாமல் ஓடுகிறது. தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் யூடியூப் வாத்தியாரை இரண்டில்தான் ஓட்டுகிறார்கள். பாதி 'அதாவது'தானே, போகட்டும்.

மாமாவின் ஏழு நிமிடச் செய்தியை நானும் அப்படித்தான் கேட்டேன். கடைசியில் விஷயம் வந்தது: "சரி மாப்ள, நேர்ல வந்து வெவரமாச் சொல்றேன்."

வந்துவிட்டார். பொத்தானைத்தான் காணோம்.