காசு கொடுத்துப் பார்க்கும் சேறு

நான் கிள்ளையில் வளர்ந்த காலத்தில், பிச்சாவரம் காட்டுப் பக்கம் போய்வந்த பிள்ளைக்கு அடி நிச்சயம். முழங்கால் வரை அப்பிய சேறே காட்டிக் கொடுத்துவிடும். ஆயா விசாரணை எதுவும் வைப்பதில்லை. "தில்லப் பாலு பட்டா கண்ணு அவிஞ்சிடும்டா பாவி!" என்று முதுகில் ஒன்று வைப்பாள். அவள் பயம் பொய்யல்ல. தில்லை மரத்தை ஒடித்தால் வடியும் பால் கண்ணைப் பதம் பார்த்துவிடும். நடராசர் கோயிலின் தலமரமும் அதுவே. ஆனால் தில்லை என்று பெயர் வாங்கிய சிதம்பரத்தில் இன்று தில்லைக்காடு கிடையாது. மரத்தைப் பார்க்கப் பிச்சாவரத்துக்குத்தான் வரவேண்டும்.

இப்போது என் ஆறு வயது மகளைச் சென்னையிலிருந்து அழைத்து வந்து, வரிசையில் நின்று சீட்டு வாங்கி, அதே காட்டைக் காட்டுகிறேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திட்டும் கழியுமாகக் கிடக்கிற காடு. படகில்தான் உலாவ முடியும். லைஃப் ஜாக்கெட்டுக்குள் மகளின் கழுத்து காணாமல் போயிருந்தது.

"எறங்கலாமாப்பா?"

"எறங்கக் கூடாது."

இதையேதான் ஆயாவும் சொன்னாள். அவள் அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நிற்கும் கண்டல் வேர்கள் வெறுங்காலில் குத்துவதை நான் அறிவேன். மரம் அவற்றால்தான் மூச்சு விடுகிறது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. மகளுக்கு யூடியூப் சொல்லியிருக்கிறது, குத்தியதுதான் இல்லை. படகோட்டி அண்ணன் ஒரு கிளையை வளைத்து, "இலைய நக்கிப் பாரு பாப்பா" என்றார். "உப்பு!" என்று கத்தினாள். வேர் உறிஞ்சிய உப்பைக் கண்டல் இலை வழியே வெளியே தள்ளிவிடும். சுரபுன்னை விதையோ மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகுதான் சேற்றில் விழும்.

அந்தக் காலத்து அதிகாரிகளின் காட்டுப்பற்று வேறு மாதிரி. வெள்ளைக்காரன் காலந்தொட்டு விறகுக்காக முறைவைத்து மொட்டையடித்தார்கள். வெட்டிய இடத்தில் மண் உள்வாங்கி, தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பேறி, எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கழித்தண்ணீர் வந்துபோக வழிவிட்டு நட்டபிறகே பச்சை திரும்பியது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் பெயர் ஏறிவிட்டது. எங்கள் ஊர்ப் பெருசுகளுக்கு மட்டும் இன்னமும் அது 'இதயக்கனி' படம் எடுத்த இடம்தான்.

ஒரு வளைவில், மார்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அவங்க மட்டும் எறங்கலாமா?" என்றாள் மகள். காட்டைச் சுற்றிப்பார்க்க வந்தவனிடம் இதற்குப் பதில் ஏது?

பிள்ளையோடு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மோட்டார் படகு அகலமான கழியோடு நின்றுவிடும். அதன் சத்தத்துக்குக் கொக்கும் நிற்காது. குறுகிய வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். சீட்டு எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் பிள்ளை தாங்காது.