ஒண்டுக்குடித்தன இயல்: ஒரு மேசைக் கணினி பற்றிய பூர்வாங்க ஆய்வு

எந்த நூலுக்கும் முன்னால் பாயிரம் வேண்டும் என்பது நன்னூலார் கட்சி. பாயிரத்துக்குரிய செய்திகள் எட்டு என்று அவர் எண்ணியும் கொடுத்திருக்கிறார். கடனே என்று சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன், பழைய புத்தகங்களை மறுபதிப்புக்குத் தயார் செய்து பிழைக்கும் ஒருவன். எல்லை, வடக்கே ஜன்னல், தெற்கே பீரோ, கிழக்கே யுபிஎஸ், மேற்கே அரிசி டிரம். நுதலிய பொருள், மெய்நிகர்க் கணினிகளை ஓட்டுவதற்காக வீட்டு மேசைக் கணினியை மேம்படுத்தலாமா என்னும் வினா. கேட்போர், முதலில் என் மனைவி. அவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போனபின் நீங்கள். பயன், முடிவில் தெரியவரும், வராமலும் போகலாம்.

ஆய்வுப் பொருள் 2013இல் அசெம்பிள் செய்யப்பட்டது. இன்டெல் ஐ5-3470, நான்கு கோர். எச்61 போர்டு. ராம் போட இரண்டே ஸ்லாட், இரண்டிலும் 4 ஜிபி. ஹார்ட் டிஸ்க் 1 டிபி. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று கேபினெட்டின் நெற்றியில் இட்ட சந்தனம் துடைக்கப்படாமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல எண்ணினால் வயது சொல்லலாம். எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது. அந்த ஆண்டு நாங்கள் ஊரில் இல்லை.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி எதற்கு என்று கேட்கலாம். தமிழ்ப் பதிப்புத் தொழிலில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடுக்கும் டேஸ்16க்கும் மாறியது. அரசாணை மாறும், கோப்பு மாறாது. அன்று பேஜ்மேக்கரில் கட்டிய புத்தகத்தை இன்றைய கணினியில் திறந்தால், ‘அம்மா’ இருந்த இடத்தில் டாலர் குறியும் தலையில் கொம்பு முளைத்த இரண்டு பிரெஞ்சு எழுத்துகளும் நிற்கும். அந்தப் பேஜ்மேக்கரும், அந்த எழுத்துருவும், அதற்கென்று வந்த விசைப்பலகை நிரலும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் ஒரே ஊர் என்னிடத்தில் விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்தது. ஆகவே எக்ஸ்பியை மெய்நிகர்க் கணினியாக உள்ளே குடிவைத்திருக்கிறேன். வெளியே காலம் ஓடுகிறது. அந்த ஒரு ஜன்னலுக்குள் மட்டும் பச்சைப் புல்மேடும் நீல வானமும்.

சில காலமாக அந்த ஊரில் எதுவும் நகரவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போய்க் காபி கலந்துகொண்டு வந்தால், பாதி திரும்பியிருக்கும். ஆய்வு பிறந்த கதை இது.

முதலில் சொல்லாராய்ச்சி. துறை நூல்கள் வெளிக் கணினியை விருந்தோம்பி என்றும் உள்ளே ஓடுவதை விருந்தினர் என்றும் வழங்கும். இது பொருந்தாப் பெயர். என்னை? விருந்தும் மருந்தும் மூன்று நாள். என் எக்ஸ்பி வந்து ஆறு ஆண்டாகிறது. விருந்தினர் இலையில் விழுந்ததைச் சாப்பிடுவார். இவரோ வரும்போதே இத்தனை ராம், இத்தனை கோர், வட்டில் இவ்வளவு இடம் என்று பேசி எழுதிக்கொண்டு வருகிறார். அறை தனி, கிணறு பொது, அடுப்படி முறை வைத்து. பக்கத்துப் போர்ஷனில் கடுகு தாளித்தால் இங்கே தும்மல். ஆதலின் ஒண்டுக்குடித்தனம் என்பதே சரியான கலைச்சொல் என்க. இனி இக்கட்டுரையில் அதுவே ஆளப்படும். கலைச்சொல்லாக்கக் குழுவினர் கவனிக்க.

இதன் வரலாறு நீண்டது. 1960களில் அமெரிக்கக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தார், ஒரே பெருங்கணினியைப் பலருக்கும் ‘முழுக்க உனக்கே’ என்று நம்பவைக்கும் வித்தையைக் கண்டார்கள். 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் வந்தது. 1974இல் பொப்பெக், கோல்ட்பெர்க் என்னும் இருவர் இலக்கணம் வகுத்தனர். அவர்கள் விதித்தவை மூன்று. உள்ளே ஓடும் நிரல் உண்மைக் கணினியில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும். அதன் ஆணைகளில் பெரும்பாலானவை குறுக்கீடு இல்லாமல் நேரே சில்லில் ஓட வேண்டும். வளங்கள் முழுவதும் மேற்பார்வை நிரலின் பிடியில் இருக்க வேண்டும். இதற்கு உரை: குடித்தனக்காரர் சொந்த வீடு என்றே நினைத்துக்கொள்ளலாம், குழம்புக்கு உப்புப் போடுவதற்கெல்லாம் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம், ஆனால் சாவிக்கொத்து வீட்டுக்காரம்மாள் இடுப்பில். திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுகளில் இது யாரும் எழுதிவைக்காத சட்டமாக முன்பே நடைமுறையில் இருந்ததை மேலைநாட்டார் அறியார்.

நாம் வாங்கும் எக்ஸ்86 சில்லுகள் இந்த இலக்கணத்துக்கு நெடுங்காலம் கட்டுப்படவில்லை. பெண்டியத்தில் மட்டும் 17 ஆணைகள், வீட்டுக்காரர் காதில் விழாமலேயே சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்க்கும் வகையைச் சேர்ந்தவை. 1999இல் விஎம்வேர் அவற்றைப் போகிற போக்கில் மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் சில்லிலேயே வழிசெய்தன. என் ஐ5 அதற்கெல்லாம் பின் பிறந்தது. எனவே பிறவிக் கோளாறு என்ற வாதம் தள்ளுபடி.

இனி ராம். ராம் என்பது அறை. ஒருவருக்கு ஒதுக்கிய அறையில் இன்னொருவர் படுக்க முடியாது. எக்ஸ்பிக்கு அதைச் செய்தவர்களே பரிந்துரைத்த அளவு 128 எம்பி. 64 இருந்தாலும் ஓடும். நான் 1 ஜிபி கொடுத்திருக்கிறேன், தாராளம். விண்டோஸ் 11 குடிவர வேண்டுமானால் குறைந்தது 4 ஜிபி கேட்கும். வீட்டுக்காரருக்கும் படுக்க இடம் வேண்டும். அவருடைய மூத்த பிள்ளையான பிரௌசருக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. 8 எப்படிப் போதும்?

அறைப் பற்றாக்குறைக்குப் பெரிய தரவு மையங்களில் ஒரு தந்திரம் உண்டு. குடித்தனத்துக்குள்ளேயே ஒரு பலூனை ஊதிவிடுவார்கள். அது வீங்க வீங்க உள்ளே இருப்பவர் தாமாகவே ஒடுங்கிக்கொள்வார். மிஞ்சிய இடத்தை வீட்டுக்காரர் வேறொருவருக்கு விடுவார். 2002இல் வால்ட்ஸ்பர்கர் இதை விரிவாக எழுதினார். எங்கள் பழைய வீட்டுக்காரர் பலூன் ஊதவில்லை. தம்முடைய ட்ரங்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். கோட்பாடு ஒன்றே.

எச்61 போர்டு அதிகபட்சம் 16 ஜிபிதான் ஏற்கும். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்ற வாழ்த்தில் அந்தப் பதினாறு எவை என்று பட்டியல் போட்டவர்கள் பலர். ஒருவர்கூட ஜிபி என்று பொருள் காணாதது உரை மரபில் ஒரு குறையே. அற்றேல், 32 வேண்டுவோர் என் செய்வர்? போர்டை மாற்றுவர். போர்டு மாறினால் புராசசர் மாறும். இரண்டும் மாறினால் பழைய டிடிஆர்3 ராம் புதிய போர்டில் இறங்காது. 240 கால்காரனும் 288 கால்காரனும் சம்பந்தம் செய்துகொள்வதில்லை. பிறகு எஸ்எம்பிஎஸ், பிறகு கேபினெட். கோவணத்தை எலி கடிக்காமலிருக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கடைசியில் கல்யாணமே செய்துகொண்டாரே ஒரு சந்நியாசி, அவரே இத்துறையின் மூலவர்.

ஹார்ட் டிஸ்க் பொதுக்குழாய். நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் முள்ளுக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் தடம் மாறும் நேரம் தனி. வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்கு நூறு குடம் நிரப்புவதே பெரிது. ஒரு குடும்பம் மட்டும் தண்ணீர் பிடித்தால் பரவாயில்லை. இரண்டு குடும்பம் குடத்தோடு வந்துவிட்டால் முள் இங்கும் அங்கும் ஓடியே மாளும். ராம் போதவில்லை என்று உலகத்தார் புலம்புவதில் பாதி குழாயடிச் சண்டையே என்பது இவ்வாய்வாளன் துணிபு.

புராசசர் அடுப்பு. நான்கு இருக்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் சமைப்பதில்லை. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இப்பொருள் குறித்து மூன்று மரபுகள் நிலவுகின்றன. முதலாவது ரிச்சி தெரு மரபு. என் வினாவைக் கேட்ட கடைக்காரர் பதிலுக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சார், இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க. போர்டு, புராசசர், ராம் மூணையும் காம்போவா எடுத்துக்குங்க. பழசக் கொண்டாந்தா நானே எடுத்துக்கறேன்.” எவ்வளவுக்கு என்றேன். “எடை போட்டுப் பாக்கலாம் சார்.”

இரண்டாவது இளையோர் மரபு. இதன் மூலபாடம் என் அக்கா மகனிடம் கிடைத்தது. “மாமா, இதுக்கெல்லாம் எதுக்கு பிசி? கிளவுட்ல மாச வாடகைக்கு எடுத்துக்கலாம்.” ஒண்டுக்குடித்தனம் விட்டிருப்பவனைப் பார்த்து, நீயே போய் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள் என்கிறான். வாடகைக்கு விடுபவனே வாடகைக்குப் போவது குற்றமில்லை என்று ஒரு கட்சி உண்டு. மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும் எங்கள் தெருவில் அந்தக் கட்சிக்கு ஆள் இல்லை.

மூன்றாவது இல்லத்து மரபு. அது ஒரே ஒரு கேள்வி. “ஏங்க, அதுல ஒரே நேரத்துல எத்தனை ஓட்டுவீங்க?”

முதல் இரு மரபுகளும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும்தான். விடை சொல்ல முடியாததால் களஆய்வில் இறங்கினேன். மூன்று வாரம் நோட்டு போட்டு எழுதினேன். குடித்தனங்கள் மொத்தம் ஐந்து. எக்ஸ்பி. லினக்ஸ் கற்றுக்கொள்ள ஓர் உபுண்டு. உபுண்டு பிடிபடாததால் வேறொரு லினக்ஸ். எதற்கும் இருக்கட்டும் என்று விண்டோஸ் 11. ஐந்தாவதின் பெயர் ‘சோதனை2’. அதில் எதைச் சோதித்தேன், சோதனை1 என்ன ஆயிற்று என்பவை ஆய்வுக்குரியன. மூன்று வாரத்தில் எந்த நாளிலும் ஒன்றுக்கு மேல் திறக்கவில்லை. அந்த ஒன்று எப்போதும் எக்ஸ்பிதான். மற்ற நான்கும் பூட்டிய போர்ஷன்கள். அவை ராமைத் தொடவில்லை. வட்டில் மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஆக, தேவை 1 ஜிபி. கடையில் நான் விலை விசாரித்தது 32.

அங்ஙனமாயின் எக்ஸ்பி ஏன் நகரவில்லை? விடை இருபது நாளும் என் கண்முன்னாலேயே இருந்தது. நான் பயன்படுத்தும் விர்ச்சுவல்பாக்ஸில் ஜன்னலின் கீழ் விளிம்பில், வலது பக்கம், சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று பச்சை ஆமை. அழகாக இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது உறைக்கவில்லை.

அந்த ஆமைக்குப் பொருள் இதுதான்: சாவிக்கொத்து ஏற்கெனவே வேறொருவர் இடுப்பில் இருக்கிறது. விண்டோஸுக்குச் சொந்தமாக ஹைப்பர்-வி என்றொரு மேற்பார்வை நிரல் உண்டு. அது விழித்திருந்தால் சில்லின் மெய்நிகர் வசதி அதன் கைக்குப் போய்விடும்; விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் அதனிடம் போய் நிற்க வேண்டும். வீட்டுக்காரருக்கு மேல் இன்னொரு வீட்டுக்காரர். பொப்பெக்கும் கோல்ட்பெர்க்கும் விதித்த இரண்டாம் நிபந்தனை அடிபட்டுவிட்டது. அதை எழுப்பிவிட்டது யார்? நான்தான். இரண்டு ஆண்டுக்கு முன், லினக்ஸ் கற்றே தீருவது என்று ஒரு புத்தாண்டன்று சபதம் செய்து, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதியையும் போட்டு வைத்தேன். அந்த வசதியின் புதிய பதிப்பு ஹைப்பர்-வியின் தோளில் ஏறித்தான் ஓடும். லினக்ஸ் இன்றுவரை வரவில்லை. ஆமை வந்துவிட்டது.

விண்டோஸின் வசதிப் பட்டியலில் இரண்டு டிக்குகளை எடுத்துவிட்டுக் கணினியை அணைத்துப் போட்டேன். ஆமை போய்விட்டது. பக்கத்தைத் திருப்பினால் பக்கம் திரும்புகிறது. காபி கலக்க நேரமில்லை.

ஒரு மறுப்புக்கு விடை சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததே, என் சில்லை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாதே எனின், மெய்தான். எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு அங்கே இடமில்லை. என்னுடையது மூன்றாம் தலைமுறை. ஆனால் அது வீட்டுக்காரரின் ஆயுள் பற்றிய கேள்வி. அந்தச் செலவைக் குடித்தனக்காரர் பேரில் எழுதுவது கணக்காகாது. லினக்ஸை வீட்டுக்காரராக்கி விண்டோஸைக் குடித்தனக்காரராக இறக்கிவிடலாம் என்று அக்கா மகன் சொல்கிறான். அதற்கு முதலில் லினக்ஸ் தெரிய வேண்டும்.

தீர்ப்பு: ராம் வேண்டாம். போர்டு வேண்டாம். காம்போ வேண்டவே வேண்டாம். எஸ்எஸ்டி ஒன்று மட்டும் வாங்கினேன். எச்61இன் சாட்டா பாதையில் அது தன் வேகத்தில் பாதியைத்தான் காட்டும். அந்தப் பாதியிலேயே குழாயடியில் வரிசை கலைந்துவிட்டது. பூட்டிய போர்ஷன்களில் மூன்றைக் காலிசெய்தேன். சோதனை2ஐ மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

நீங்களும் ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறவராக இருந்தால், செருப்பை மாட்டுவதற்கு முன் உங்கள் மெய்நிகர் ஜன்னலின் வலது கீழ் மூலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆமை இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.