பைஜாமாவும் தெருவும்

கே: பைஜாமாவோடு கடைத்தெருவுக்கு வருவது நாகரிகமா?

ப: வீடு எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தது. 2010 உலகக் கண்காட்சிக்கு முன் ஷாங்காயில் இதற்கு எதிராகப் பிரசாரமே நடந்தது. அங்கே பழைய சந்து வீடுகளில் அடுப்படியும் குழாயடியும் பல குடும்பங்களுக்குப் பொது. பாதிக் குடித்தனம் வாசலுக்கு வெளியேதான். அப்படி வாழ்ந்தவர்கள் காய்கறி வாங்க மட்டும் எதற்கு உடை மாற்ற வேண்டும்? வருகிற விருந்தாளி என்ன நினைப்பான் என்பார்கள். உடம்பு மூடியிருக்கிறது, யாருக்கும் இடைஞ்சலில்லை. அவன் நினைப்புக்காக ஊர்க்காரர் உடுப்பை மாற்றுவது நியாயமே இல்லை. 2020-இல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்துச் சூஜோ நகரில், பைஜாமாவில் நடந்தவர்களின் கண்காணிப்பு கேமரா படங்களை அடையாள விவரங்களோடு அதிகாரிகள் வெளியிட்டார்கள். கடைசியில் மன்னிப்புக் கேட்டது அதிகாரிகள்தான், பைஜாமாக்காரர்கள் அல்ல.