சீசருக்கு இங்கிலீசுதான் விளங்கும்

லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் மூக்கு வரும். பிறகு நாக்கு. அதற்கும் பின்னால், வாரில் இழுபட்டபடி எங்கள் நண்பர் வருவார். “சீசர், சே ஹலோ டு அங்கிள்.” அங்கிள் நான்தான். இரண்டு பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவாகிவிட்ட நான், வெள்ளவத்தையில் ஒரு லாப்ரடோருக்குச் சித்தப்பா முறை.

இவர் வீட்டில் மூன்று பாஷை புழங்குகிறது. மனைவிக்கு யாழ்ப்பாணத் தமிழ், ஓட்டோக்காரருக்குச் சிங்களம், நாய்க்கு இங்கிலீசு. மூன்றில் மரியாதை கூடியது நாய்க்குப் போவதுதான். “சீசர், ப்ளீஸ் கம்.” “சீசர், தேங்க்யூ.” தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த மனைவி ஒருநாள் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “அண்ணை, கலியாணம் முடிச்சு இருபத்தெட்டு வருசம். எனக்கு இன்னும் ஒரு ப்ளீஸ் வரேல்லை.”

வங்கியில் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு போகிற மனிதர் இவர். நாயிடம் மட்டும் நிபந்தனை வாக்கியமே போடுவார்: “இஃப் யூ ஆர் எ குட் பாய், ஈவினிங் வீ வில் கோ டு த பீச்.” சீசருக்கு அதில் ‘பீச்’ மட்டும் பிடிபடும். உடனே வாசலுக்கு ஓடிப்போய்க் கதவைப் பிறாண்டும். அதற்கும் விளக்கம் உண்டு. “ஐ செட் ஈவினிங், சீசர். நாட் நவ்.” மரைன் டிரைவில் காலை நடையின்போது அவர் “சிட்!” என்று போட்ட சத்தத்தில், கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு பென்சன்காரர் மதிலில் இருந்துவிட்டார். சீசர் நின்றது நின்றபடி.

“தமிழிலை சொல்லிப் பாருமன்” என்றேன்.

“அவனுக்குத் தமிழ் விளங்காது மச்சான்.” (அது என்று சொல்லக்கூடாது, அவன்.)

குட்டியாக வாங்கியது நீர்கொழும்பில். விற்றவர் வீட்டில் சிங்களம். தாய்நாய் இங்கிலீசு பேசியதாகத் தகவல் இல்லை. ஊரில் எங்கள் வீட்டு நாய்க்கு வீமன் என்று பெயர். ‘தோ தோ’ என்றால் வரும், ‘சீ’ என்றால் போகும். அந்த இரண்டு சொல்லோடு பதினாலு வருசம் எங்கள் வளவைக் காத்தது.

இதெல்லாம் வெள்ளவத்தைக்குள் நடக்கும்வரை சிரிக்கலாம். போன ஓகஸ்டில் ஆறு பேராக உடவளவைக்குப் போகத் திட்டம் போட்டோம். தேசியப் பூங்காவுக்குள்ளே, குளத்தின் கரையில், ஒரு இரவு கூடாரம் அடித்துத் தங்குவது. வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே இடம் பதியவேண்டும். பதிந்தவர் நண்பர்தான். புறப்படுவதற்கு முதல்நாள் இரவுதான் சொன்னார், சீசரும் வருகிறான் என்று.

“பூங்காவுக்குள்ளை நாய் விடுவாங்களே?”

போனை நீட்டினார். ரொறன்ரோவில் இருக்கிற தம்பி அனுப்பிய படம். அல்கொன்குவின் பூங்கா, ஏரி, கூடாரம், கூடாரத்து வாசலில் ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. “கரடி திரியிற காட்டுக்குள்ளையே விடுறாங்கள். இஞ்சை என்ன?” அங்கும் நாயை 2 மீற்றருக்கு மேல் நீளாத வாரில்தான் கட்டி வைத்திருக்க வேண்டும். அந்த வரியைத் தம்பியும் அனுப்பவில்லை, இவரும் கேட்கவில்லை.

வானில் முன்சீட்டு சீசருக்கு. ஏசி நேரே முகத்தில் பட வேண்டுமாம். என்னைப் பின்னால் மடக்குச் சீட்டில் போட்டார்கள். முழங்கால் நாடியில் முட்ட, 160 கிலோமீற்றருக்கு மேல். விடிய மூன்று மணிக்குப் புறப்பட்டோம். தெற்கு அதிவேகப் பாதையில் கண்ட இடத்தில் நிற்பாட்ட முடியாது என்பதை அவர் சீசருக்கு இங்கிலீசில் எடுத்துச் சொல்லியும் சீசர் கேட்கவில்லை. மிச்சத்தை வான் கழுவினவரிடம் கேளுங்கள்.

பூங்கா வாசலில் டிக்கற் அறையிலிருந்து எழும்பி வந்த உத்தியோகத்தர் வானுக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. “மஹத்தயா, பல்லா அத்துளட்ட கேன்ன பே.” நாயை உள்ளே கொண்டுபோக ஏலாது. அவ்வளவுதான். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அவருக்குப் பின்னால் நின்றது. எங்கள் பக்கத்தில் நின்றது சீசர் மட்டும்.

நண்பர் தோள்பையிலிருந்து தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் சீசரின் படம், பாஸ்போட்டில் இருப்பதுபோல நேரே பார்க்கிற முகம். உத்தியோகத்தர் மரியாதைக்கு இரண்டு பக்கம் புரட்டினார். விசர்நாய்க்கடிக்குப் போட்டது, டிஸ்டெம்பருக்குப் போட்டது, எல்லாம் திகதியோடு இருந்தது. புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. 1994இல் தன்சானியாவின் செரங்கெட்டியில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் செத்தன, அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு. கொன்றது டிஸ்டெம்பர், சுற்றுவட்டக் கிராமத்து நாய்களிடமிருந்து போன நோய். சீசருக்கு ஊசி போட்டாயிற்று, சரி. வாசலில் நிற்கிற மனிதர் ஒவ்வொரு நாயின் புத்தகத்தையும் பரீட்சித்துப் பாஸ் பண்ணிக்கொண்டு இருக்க முடியுமா? அதுவும் போக, நாய் என்றால் சிறுத்தைக்கு நல்ல விருப்பம். மலையகத்தில் லயத்து வாசலில் படுத்த நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போவது புதினமான செய்தி இல்லை. அதைச் சொன்னதும் நண்பர் சீசரின் காதைப் பொத்தினார்.

பிறகு மகாபாரதத்துக்குப் போனார். “தருமர் நாயை விட்டிட்டுச் சொர்க்கத்துக்கே வரமாட்டன் எண்டு வாசல்லை நிண்டவர், தெரியுமே?”

தெரியும். ஆனால் அந்த வாசலுக்கு வருமுன்னமே தம்பிமாரும் திரௌபதியும் வழியில் விழுந்துவிட்டார்கள். தருமர் தனி ஆள். அவர் பிடிவாதம் பிடித்தால் காத்திருக்கிறது இந்திரன் மட்டும். இங்கே வானுக்குள் நாலு பேர் வெயிலில் வேகிறோம், டிரைவர் மீற்றரைப் பார்க்கிறார், பகல் பதினொரு மணி.

கடைசியில் ஒரு தீர்வு வந்தது. பூங்காவுக்கு வெளியே, குளக்கரையோடு ஒரு விடுதி. அங்கே முற்றத்தில் கூடாரம் அடித்துத் தருவார்களாம், நாய்க்கென்று தனிக்காசு. “பதிவு என்ரை பேரிலை கிடக்கு. அடையாள அட்டையோடை நான் உள்ளை போகத்தான் வேணும்” என்றார் நண்பர். பிறகு என்னைப் பார்த்தார். “சீசருக்கு அங்கிளை நல்லாப் பிடிக்கும்.”

இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. பதிவுக்கு நானும் காசு கட்டினேன். யானைக்கூட்டம் தண்ணிக்கு இறங்குகிறதைக் கூடாரத்திலிருந்து பார்க்கலாம் என்று மூன்று மாதமாக மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தருமர் நாய்க்காகச் சொர்க்கத்தை வேண்டாமென்றார். எங்கள் தருமர் நாயை என் கையில் பிடித்துத் தந்துவிட்டு ஜீப்பில் ஏறி, “பீ எ குட் பாய்” என்று கை காட்டினார். அது எனக்கா சீசருக்கா என்று இன்றைக்கும் தெரியாது.

பின்னேரம் கரையில் கதிரை போட்டு இருந்தேன். வளவை கங்கையை மறித்தபோது மூழ்கின காட்டின் மரங்கள் குளத்து நடுவில் இன்னும் பட்டுப்போய் நிற்கின்றன; ஒவ்வொரு கொப்பிலும் ஒரு நீர்க்காகம் சிறகு விரித்துக் காயவிட்டிருந்தது. எருமைத்தயிரும் கித்துள் பாணியும் வாங்கி வந்திருந்தேன். சட்டியைத் திறந்ததும் சீசர் எழும்பி மடியில் முன்னங்காலை வைத்தது.

“சிட்” என்றேன். வைத்த காலை எடுக்கவில்லை. “சீசர், டவுன்.” ஒன்றும் இல்லை. நாக்கு மட்டும் சட்டியைக் கிட்டியது.

“இரடா, நாயே!”

இருந்தது. பொத்தென்று, வாலை ஒடுக்கி, காதை மடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல. எனக்கே நம்ப முடியவில்லை. “தள்ளிப் போ” என்றேன், இரண்டு அடி தள்ளிப் போனது. “இஞ்சை வா,” வந்தது. “என்ன, பசிக்குதோ?” வால் மண்ணில் அடித்த அடியில் தூசி கிளம்பியது. பகல் முழுக்கக் குசினி வாசலில் மறித்துக்கொண்டு படுத்திருக்கிற நாயைக் காலால் தள்ளித் தள்ளிச் சமைக்கிற அந்த மனிசிதான் அதற்கு வாத்தியார். பாவம், ப்ளீஸ் இல்லாமலே பாடம் நடந்திருக்கிறது.

தயிரில் பாதியை வாழையிலைத் துண்டில் வைத்தேன். இருட்டினதும் அக்கரையில் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. காற்றில் யானை வாடை வந்திருக்க வேண்டும், சீசர் கதிரைக்குக் கீழே புகுந்து என் காலில் தாடையை வைத்துக்கொண்டது. நடுங்கிக்கொண்டிருந்தது. ஊரில் வீமனைத் தடவுவதுபோல இரவு முழுக்கத் தடவிக்கொண்டு கதைத்தேன். என்ன கதைத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மற்றநாள் காலை ஜீப் வந்தது. முப்பது யானை கண்டார்களாம், குட்டிகள் ஆறாம். நண்பர் இறங்கி ஓடிவந்து முழங்காலில் நின்றார். “சீசர், டிட் யூ மிஸ் மீ?” சீசர் என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன கிழமை வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. டிசம்பரில் ஹோர்ட்டன் சமவெளி, சீசரும் வருகிறான், மடக்குச் சீட்டில் இந்தமுறை தலகணி போடப்படும். அதுவும் 1988இலிருந்து தேசியப் பூங்காதான், அங்கும் நாயை விடமாட்டார்கள் என்று பதில் போட்டேன்.

“தெரியும் மச்சான். அதுதான் உம்மையும் கூப்பிடுறன்.”