மோட்டாருக்குக் காது கிடையாது தம்பி

தம்பி, திருவிழா நாடகத்துக்கு சீன் எல்லாம் தானா மாறணும்னு கமிட்டியில சொல்லிட்டியாமே. நல்ல யோசனைதான். பட்டணத்துக் கம்பெனி ஒண்ணு அனுப்பின விலைப்பட்டியலையும் பார்த்தேன். அந்தக் காசுக்கு சீனை ஏன் நகர்த்தணும்? கோபுரத்துக்கே சக்கரம் வச்சு நகர்த்திடலாம்.

தானா நகர்ற விஷயத்துல வேதாரண்யத்துக்காரனுக்கு வெளியூர்க்காரன் பாடம் நடத்த வேண்டாம். வேதங்கள் பூசை பண்ணி அடைச்சிட்டுப் போன கதவு நம்ம மறைக்காட்டுக் கோயில் கதவு. அப்பர் பதிகம் முழுக்கப் பாடின பிறகுதான் அது திறந்துச்சு. சம்பந்தர் பாடினாரு, முதல் பாட்டுலயே மூடிக்கிச்சு. அப்பருக்கே அதுல மனசு சங்கடமாப் போச்சுன்னு பெரியபுராணம் சொல்லுது. உன் மோட்டாரும் அதே குணத்தைத்தான் காட்டப் போகுது. சீனை இறக்கச் சொன்னா ஓடோடி வரும், ஏத்தச் சொன்னா முக்கும். அப்பருக்கு நடந்தது அருள். உனக்கு நடக்கப் போறது வெறும் கனம்.

அதனால மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி கனத்தைக் குறை. தேக்குச் சட்டத்துல அரண்மனை கட்டினா ராஜா வேணா சந்தோஷப்படுவாரு, கயிறு சந்தோஷப்படாது. மூங்கிலோ பிவிசி குழாயோ சட்டமா வச்சு, மேல காடாத்துணி இழுத்துக் கட்டி வரைஞ்சா போதும். பத்தடி ஒசரத் தட்டி ஒரே ஆள் தூக்குற கனத்துல நிக்கும். தெர்மாகோல் இன்னும் லேசுதான், இல்லேங்கல. ஆனா சூடான லைட்டுப் பக்கத்துல அதை வச்சா, இலங்காதகனம் நிகழ்ச்சி நிரல்ல இல்லாமயே நடக்கும்.

அடுத்தது எதிர்ப்பாரம். தட்டி 8 கிலோன்னா, கப்பிக்கு அந்தப் பக்கம் 7 கிலோ மூட்டையைத் தொங்கவிடு. மோட்டாருக்கு மிச்சம் ஒரு கிலோவும் கப்பி உராய்வும்தான். மணல் மூட்டையாக் கட்டு. நம்ம ஊருல உப்பு மலிவாச்சேன்னு உப்பு மூட்டையைக் கட்டிடாதே. ராத்திரிப் பனியில ஈரம் குடிச்சுக் கனம் ஏறும். மந்திரி பேசி முடிக்கிறதுக்குள்ள மாளிகை தன்னால மேல போகும்.

இதெல்லாம் பட்டிக்காட்டு வேலைன்னு உதட்டைப் பிதுக்காதே. முதல் நூற்றாண்டுல அலெக்சாந்திரியாவுல ஹீரோன்னு ஒரு பொறியாளர் இருந்தாரு. சண்டை போடுற ஹீரோ இல்ல, சிந்திக்கிற ஹீரோ. தானா ஓடுற குட்டி நாடக மேடையே செஞ்சாரு. மணலோ தினையோ சிறுதுளை வழியாக் கொட்டக் கொட்ட, மேல இருக்குற பாரம் மெதுவா இறங்கும். அதுல கட்டின கயிறு அச்சைச் சுத்தும், பொம்மை ஆடும். கரண்டு பில் வந்ததாத் தகவல் இல்ல. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியும் ஆர்.எஸ். மனோகரும் தந்திரக் காட்சி காட்டி ஜனங்களை வாய் பிளக்க வச்சாங்களே, அதுக்குப் பின்னாலயும் கயிறும் கப்பியும் வேர்வையும்தான்.

இளங்கோவடிகளையும் கேட்டுக்க. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில மூணு எழினி, அதான் திரை, சொல்றாரு: ஒரு பக்கமா வர்ற ஒருமுகம், ரெண்டு பக்கமும் வந்து சேர்ற பொருமுகம், மேலேருந்து இறங்குற கரந்துவரல். லேப்டாப்புல நீ கலர் கலராப் போட்டு வச்சிருக்கிற டிசைன் எல்லாம் இந்த மூணுக்குள்ள அடக்கம். முதல்ல பக்கவாட்டுல இழுக்கப் பழகு. பக்கவாட்டுல பிசகினா சிரிப்பு, மேலேருந்து பிசகினா ஆஸ்பத்திரி. மேலதான் தொங்கவிடுவேன்னா, அறாத இன்னொரு கயித்தைத் தனியாக் கட்டிட்டுத் தொங்கவிடு.

இப்ப மோட்டாருக்கு வா. காயலான் கடையில பழைய வேன் வைப்பர் மோட்டார் சல்லிசாக் கிடைக்கும். 12 வோல்ட்டு. நிமிஷத்துக்கு 40 சுத்துன்னு வை. 12 சென்டிமீட்டர் விட்டத்துல உருளை மாட்டினா ஒரு சுத்துக்கு 38 சென்டிமீட்டர் கயிறு. பத்தடி ஏற 12 செகண்டு. ஆர்மோனியக்காரர் ஒரு மெட்டு வாசிக்கிற நேரம், போதும். ஒரு சூட்சுமம் சொல்றேன், காலேஜுல சொல்லியிருக்க மாட்டாங்க. பல வைப்பர் மோட்டாருக்கு அதோட உடம்பே ஒரு வயர். திருப்பிச் சுத்தவிட வயரை மாத்திப் போட்டா, இரும்புக் கம்பத்துல மாட்டினது ஷார்ட் ஆகும். மரப்பலகையில மாட்டு. ரெண்டு கோடியிலும் லிமிட் சுவிட்ச் வை. சீன் வந்து இடிச்சதும் அது கரண்டைத் துண்டிச்சிடும். பேட்டரியில ஓடுறதால, 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப மாதிரி கம்பமெல்லாம் படுத்துக்கிட்டாலும் ராஜா அரண்மனைக்குப் போய்ச் சேருவாரு. இரும்புக் கப்பி வாங்காதே, நைலான் வாங்கு. இங்க அடிக்கிற உப்புக் காத்து இரும்பைத் தின்னுதான் வளருது.

இவ்வளவும் செஞ்சிட்டு, ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்யாதே: நேரம் குறிச்சு சீன் மாறுற மாதிரி ஆர்டுயினோவுல எழுதிடாதே. அரிச்சந்திரா மயான காண்டம் நடக்குதுன்னு வை. மடியில லோகிதாசனைப் போட்டுக்கிட்டு சந்திரமதி அழுவுறா. முன்வரிசைக் கிழவியெல்லாம் முந்தானையால மூக்கைத் துடைக்குது. பின்னாலேருந்து ஒருத்தன் ‘ஒன்ஸ் மோர்’ங்கிறான். அவளும் மறுபடி எடுக்கிறா. உன் கடிகாரத்துக்கு இது தெரியுமா? ஒப்பாரிக்கு நடுவுல தர்பார் சீன் கம்பீரமா வந்து இறங்கும். வெட்டியான் வேஷக்காரன் சிம்மாசனத்துக்கு முன்னால கோலை ஊனிக்கிட்டு முழிப்பான். அதுக்கும் ஜனம் ‘ஒன்ஸ் மோர்’ கேக்கும், அது வேற.

இழுக்கிற வேலை மோட்டாருக்கு, எப்ப இழுக்கணும்ங்கிறது மனுசனுக்கு. அழுத்தினா ஓடணும், கையை எடுத்தா நிக்கணும். அப்படி ஒரு பட்டன் வை. அந்தப் பட்டனை மெக்கானிக் கையில குடுக்காதே. எந்த ஸ்திரீபார்ட் எந்த இடத்துல பாட்டை இழுப்பா, எந்த ராஜபார்ட் வசனத்தை மறந்துட்டு இருமுவான்னு தெரிஞ்ச ஆளாப் பார்த்து உக்கார வை. நம்ம ஊருல அப்படி யாரு இருக்கான்னு நான் சொல்ல மாட்டேன், தற்பெருமை ஆயிடும். அந்த ஆளுக்குச் சம்பளம்கூட வேண்டாமாம். கை வச்ச நாற்காலி ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒருதரம் சுக்குக் காப்பி. விலைப்பட்டியல்ல கடைசி வரியா அதையும் சேர்த்து எழுதிடு.