நீல டிக் மாமா

"பாத்துட்டான். பாத்துட்டும் பதில் போடலை. அவன் புத்தி அவ்வளவுதான்."

மாமாவிடம் இந்தத் தீர்ப்பு வாங்க எதிராளி எந்தக் குற்றமும் செய்ய வேண்டியதில்லை. வாட்ஸப்பில் இரண்டு டிக்கும் நீலமானால் போதும். 2014-ல் அந்த நீலத்தைக் கொண்டுவந்தவர்கள், செய்தியை ஒருவர் பார்த்துவிட்டார் என்று தெரிவிக்க மட்டுமே நினைத்திருப்பார்கள். மாமா அதில் ஜாதகமே பார்ப்பார். நீலமாகி ஒரு மணி நேரம் பதில் இல்லையா, திமிர். மறுநாளும் இல்லையா, வளர்ப்பு சரியில்லை. டிக் சாம்பலாகவே நின்றால் இன்னும் மோசம். "செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணி வெச்சிருக்கான். கள்ளன்." ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டால், "பிளாக் பண்ணிட்டான். அவங்க அப்பாவும் இப்படித்தான், முகத்துக்கு நேரா கதவைச் சாத்துற குடும்பம்."

எதிராளி விமானத்தில் இருக்கலாம், ஆபரேஷன் தியேட்டரில் இருக்கலாம், போன் சாம்பார் அண்டாவில் விழுந்திருக்கலாம். இதெல்லாம் மாமாவுக்குத் தோன்றவே தோன்றாது. கடைசியாக ஆன்லைனில் வந்த நேரத்தை வைத்து ஒருத்தியின் கல்யாணப் பேச்சையே கிட்டத்தட்ட நிறுத்தப் பார்த்தவர் அவர். "ராத்திரி பன்னெண்டே காலுக்கு அந்தப் பொண்ணு யாரோட பேசிட்டிருந்தா?" அவள் நைட் ஷிப்டில் வேலை பார்க்கிற பெண்.

அப்படி உடனே பதில் போட்டே ஆகவேண்டிய எதை இவர் அனுப்பியிருப்பார்? ஒரு ரோஜாப்பூ, அதன்மேல் 'காலை வணக்கம்', கீழே அப்துல் கலாம் ஒருநாளும் சொல்லியிராத ஒரு பொன்மொழி.

இவருக்கு நாம் அனுப்பியதும் நீலமாகும். பதில் வராது. கேட்டால், "பேத்தி கை பட்டுடுச்சுடா." பேத்தி இருப்பது டாலஸில். முழு ஆண்டு லீவுக்கு வந்துவிட்டுப் போனவள், அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. பேத்தி இல்லாவிட்டால் டவர். டவரும் இருந்துவிட்டால் மூக்குக்கண்ணாடி பூஜையறையில் இருந்திருக்கும். மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து ஆற்காடு ரோடு இவருக்குக் கிடைத்த வரப்பிரசாதம். வீட்டைவிட்டு வெளியே காலே வைக்காத நாளிலும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பார். ஆக, மாமா சுபாவத்தில் தங்கம். உலகம்தான் அவர் பதில் போடாதபடி சதி செய்துகொண்டே இருக்கிறது.

மற்ற விஷயங்களிலும் இதே கதைதான். பேரன் பாஸானால் நம்ம ரத்தம், பெயிலானால் அவங்க அம்மா வழி.

உளவியல்காரர்கள் இதைப் பிடித்து ரொம்ப நாளாகிறது. அடுத்தவர் செய்கைக்கு அவரவர் குணத்தையே காரணமாக்கி, அவர் மாட்டிக்கொண்டிருக்கும் சூழ்நிலையைக் கோட்டைவிடும் பழக்கத்துக்கு, 1977-ல் லீ ராஸ் என்பவர் அடிப்படைப் பிழை என்றே பெயர் சூட்டினார். அதற்குப் பத்து வருஷம் முன்பே ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்திருந்தார்கள். கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, சொன்ன பக்கம்தான் எழுதினார் என்று விளக்கிய பிறகும், ஆதரித்து எழுதியவரை காஸ்ட்ரோ பக்கம் சாய்ந்தவர் என்றே படித்தவர்கள் கருதினார்கள்.

இதை மாமாவிடம் பொறுமையாகச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மனசுல இல்லாமலாடா அப்படி எழுதுவான்?" என்றார்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. 1984-ல் ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் சிகாகோக்காரர்களையும் மைசூர்க்காரர்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு வக்கீல் கதை வருகிறது. அவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் விழுந்து அடிபடுகிறார். வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் பிறகு இறந்துபோகிறார். அமெரிக்கர்கள் வக்கீலின் பொறுப்பில்லாத குணத்தைப் பார்த்தார்களாம். நம் ஊர்க்காரர்களோ கோர்ட்டில் அவருக்கிருந்த கடமையைப் பார்த்தார்களாம். இந்தியர்கள் சூழ்நிலையைக் கணக்கில் எடுப்பவர்கள் என்று கட்டுரை நம்மை மெச்சுகிறது. அந்த அம்மையார் மைசூரோடு திரும்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் கிழக்கே வந்து எங்கள் மாமாவைப் பார்த்திருந்தால் சிகாகோவுக்கு மானம் மிஞ்சியிருக்கும்.

2006-ல் பெர்ட்ரம் மால் 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தனக்கொரு நியாயம் ஊருக்கொரு நியாயம் என்பது எல்லா நேரத்திலும் இல்லை, கெட்டது நடந்தால்தான் தலைகாட்டுகிறது, நல்லது நடந்தால் அப்படியே தலைகீழாகிறது என்று எழுதினார். இது மாமாவுக்கு அச்சாகப் பொருந்தும். எதிர்வீட்டுக்காரர் கோயிலில் அன்னதானம் செய்தால், "பையனுக்கு வரன் பாக்கறான், அதான்." மாமா ஒருவருக்குக் குடை இரவல் கொடுத்தால், "நான் எப்பவுமே அப்படித்தான்."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டிருந்தேன், அம்மாவை ஐசியூவில் சேர்த்த வாரம் வரை. போனைப் பையில் போட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் ரோஜாக்கள் வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. அதே வாரம் ஒரு வளைகாப்பில் இலைக்கு இலை சொல்லியிருக்கிறார்: "பிரமோஷன் வந்ததும் பயலுக்குக் கண்ணு தெரியலை." ஏண்டா பதில் இல்லை என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார். பதில் முன்பே தெரிந்தவருக்குக் கேள்வி எதற்கு?

விஷயம் தெரிந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓடிவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே வந்து என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லடா. எதையும் மூடி மறைக்கிறதே உன் சுபாவமாப் போச்சு."

அவரால் சூழ்நிலையைப் பார்க்கவே முடியாது என்று சொல்லிவிடவும் முடியவில்லை. அவருடைய தம்பி ஒருவர் இருந்தார். சீட்டுக் கம்பெனி நடத்திச் சொந்தக்காரர்கள் பணத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய், போன இடத்திலேயே இறந்தும் போனார். அந்தத் தம்பியைப் பற்றி மட்டும் மாமா தீர்ப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. கூட்டாளி சரியில்லை, வட்டி ஏறிப்போச்சு, அந்த வருஷம் மழை இல்லை, சின்ன வயசிலேயே அப்பா போயிட்டார், பாவம், அவனும்தான் என்ன செய்வான் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைப்பார். அதில் பாதி உண்மையும்கூட. தம்பிக்குக் காட்டுகிற கரிசனத்தில் கால்வாசி கிடைத்தால்கூட என் நீல டிக் பிழைத்துப் போகும்.

அந்தச் சீட்டில் என் பணமும் நாற்பதாயிரம் போயிருக்கிறது. ஒரே ஒரு தரம் அந்தப் பேச்சை எடுத்தேன். அன்றிலிருந்து எனக்குப் பணத்தாசை பிறவியிலேயே உண்டாம்.