அங்கீகரிக்கப்பட்ட தோல்வி வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: புது உறுப்பினர் ஒருத்தி, ஹாம்ப்ஷயர்.
பெறுநர்: விதிப்புத்தகக் குழுவினர், ஈவென்டிங் தலைமை அமைப்பு, இங்கிலாந்து.
பொருள்: முதல் அங்கீகரிக்கப்பட்ட போட்டிக்கு ஆயத்தமாதல் – சில ஐயங்கள் – சில கோரிக்கைகள் – தொடர்பாக.
பார்வை: தங்கள் விதிப்புத்தகம், அட்டை முதல் அட்டை வரை.

பெருமதிப்புக்குரியீர்,

கடிதத்தைத் தமிழில் எழுதியதற்குப் பொறுத்தருள்க. தங்கள் விதிப்புத்தகம் எனக்கு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுக்கு இது தங்களுக்குப் புரிந்தால் போதும். கணக்கு நேராகிவிடும்.

நான் மருந்தாளர். பகலில் மாத்திரை எண்ணுகிறேன், விடியலிலும் அந்தியிலும் லத்தி அள்ளுகிறேன், மிச்சமிருக்கும் நேரத்தில் சவாரி செய்கிறேன். என் குதிரை அயர்லாந்தில் பிறந்தது. பாஸ்போர்ட்டில் அதற்கு இரண்டு வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. நான் கூப்பிடுவது பாண்டி. லாயத்துக்காரர்கள் வாயில் அது பாண்டா. வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் 90 சென்டிமீட்டர் உயரத் தடைப் பிரிவில், தங்கள் கொடியின் கீழ், முதன்முறையாக இறங்கப்போகிறோம்.

இந்த நாட்டில் குதிரைப் போட்டிக்கு இரண்டு சாதி. தங்கள் மேற்பார்வையில் நடப்பது அங்கீகரிக்கப்பட்டது. ரைடிங் கிளப்போ பண்ணைக்காரரோ தாமே நடத்திக்கொள்வது அங்கீகாரமற்றது. நாங்கள் போகும் பண்ணையில் இரண்டும் நடக்கின்றன. அதே மேடு, அதே மரக்கட்டை, அதே குட்டை, அதே பர்கர் வண்டி. அங்கீகாரமற்ற நாளில் பணம் கட்டி, எண் வாங்கி, ஓடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அங்கீகரிக்கப்பட்ட நாளுக்கோ எனக்கு உறுப்பினர் கட்டணம், குதிரைக்குத் தனிப் பதிவு, அதன்மேல் நூறு பவுண்டை ஒட்டி நுழைவுக் கட்டணம். விண்ணப்பங்கள் அதிகமானால் சிலரைக் கழித்துவிடுவீர்கள். மழை பெய்து வயல் சேறானால் போட்டியே ரத்து. ஆக, பணத்தைக் கட்டிவிட்டு, ஓட இடம் கிடைக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல், வானம் வெளுக்க வேண்டும் என்று இன்னொரு வேண்டுதல். நேர்த்திக்கடனை முன்கூட்டியே வசூலிக்கும் ஏற்பாடு எங்கள் ஊர்க் கோயில்களில்கூட இல்லை.

இத்தனைக்கும் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று நெடுநாள் யோசித்தேன். பதிவு கிடைக்கிறது. அங்கீகாரமற்ற போட்டியில் குதிரை மூன்று முறை மறுத்துவிட்டால் அந்தச் செய்தி பர்கர் வண்டிக்காரரோடு முடிந்துபோகும். தங்கள் போட்டியில் அது இணையத்தில் என் பெயருக்கும் பாண்டியின் பெயருக்கும் நேரே ஏறி நிற்கும்: தகுதி நீக்கமானால் ‘ஈ’, பாதியில் நானே கையைத் தூக்கிவிட்டால் ‘ஆர்’. நாளைக்குப் பாண்டியை விற்க நேர்ந்தால் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அதன் பல்லை அல்ல, அந்தப் பட்டியலை. ஊரறியாமல் தோற்பதற்கு ஒரு விலை, அரசிதழில் வெளியிட்டுத் தோற்பதற்கு அதைவிடக் கூடுதல் விலை. நியாயம்தான்; முத்திரைத்தாளுக்குக் காசு ஆகத்தானே செய்யும்?

டிரஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஷோ ஜம்பிங் மூன்றும் சேர்ந்த இந்த ஈவென்டிங் பரீட்சை யாருக்காக வகுக்கப்பட்டது என்பதையும் தேடிப் படித்தேன். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்ந்தபோது பணியிலிருந்த ராணுவ அதிகாரிகள் மட்டுமே ஓடலாம். அணிவகுப்பு மைதானத்தில் குதிரை பணிவாக நடக்கிறதா, காடு மேடு தாண்டிச் செய்தி கொண்டுபோகிறதா, அத்தனைக்குப் பிறகும் மறுநாள் வேலைக்கு ஆகிறதா என்று ஒரு குதிரைப்படை தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. 1948 லண்டன் ஒலிம்பிக்கின் ஈவென்டிங் ஆல்டர்ஷாட்டில் நடந்தது. அதைப் பார்த்த போஃபர்ட் டியூக் மறு ஆண்டே பேட்மின்டன் என்னும் ஊரிலுள்ள தன் எஸ்டேட்டைப் போட்டிக்குத் திறந்துவிட்டார். உலகமே அண்ணாந்து பார்க்கும் போட்டி அப்படித்தான் பிறந்தது. அங்கே ஷீலா வில்காக்ஸ் 1957, 1958, 1959 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் ஓட முடியவில்லை. ஈவென்டிங்கில் பெண்கள் கூடாது என்பது அன்றைய ஒலிம்பிக் விதி. 1964இல்தான் கதவு திறந்தது. விதிப்புத்தகங்கள் மேல் எனக்குள்ள பக்தி ஏன் ஒரு மாற்றுக் குறைவு என்பதற்கு இதுவே விளக்கம். இன்று தங்கள் கீழ்ப்பிரிவுகளில் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள்: செவிலியர், ஆசிரியை, கணக்கர், இரண்டு பிள்ளைகளின் தாய். குதிரைப்படை கலைந்துவிட்டது, பரீட்சை மட்டும் நிற்கிறது. எழுத வருவது நாங்கள்.

ஆவணங்களுக்கு வருகிறேன். பாண்டிக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது என்று ஃபோனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “குதிரைக்கா? உங்கப்பாவுக்கே அறுபது முடிஞ்சப்புறம்தானேடி எடுத்தோம்” என்றாள். கழுத்தில் மைக்ரோசிப்பும் உண்டு, 2020 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் அது கட்டாயம் என்பதை நான் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டின் உயிர்நாடி தடுப்பூசிப் பக்கம். முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் நடுவே இத்தனை நாள், மூன்றாவதற்கு இத்தனை நாள், பிறகு காலம் தவறாத ஊக்க ஊசி. ஒரு நாள் தள்ளிப்போனாலும் வரிசை முறிந்தது, மறுபடி முதலிலிருந்து. என் கோவிட் ஊசி எப்போது போட்டது என்று கேட்டால் நான் விழிப்பேன். பாண்டியின் ஊசித் தேதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இதில் தங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2019 பிப்ரவரியில் குதிரைக் காய்ச்சல் பரவியபோது இந்த நாட்டின் குதிரைப் பந்தயமே ஆறு நாள் நின்றுபோனது. அந்த வைரஸ் விதிப்புத்தகம் படிப்பதில்லை.

உடை விஷயத்தில்தான் தாங்கள் கொடிகட்டிப் பறக்கிறீர்கள். காடு மேடு தாண்டும் கிராஸ் கன்ட்ரிக்கு முன்விளிம்பு நிலையாகப் பொருத்தப்பட்ட தொப்பி ஆகாது. மொட்டைத் தலைக்கவசம் வேண்டும், அதன்மேல் பட்டு உறை, அது குறிப்பிட்ட தரச் சான்று பெற்றது என்பதற்கு ஒரு வண்ணச் சீட்டு. உடற்கவசம் தனி. அதன்மேல் விருப்பமிருந்தால் காற்றுச்சட்டை. அது ஒரு கயிற்றால் சேணத்தோடு இணைந்திருக்கும். நாம் விழும்போது கயிறு இழுபட்டு, கார்பன் டையாக்சைடு குப்பி திறந்து, கண் இமைப்பதற்குள் சட்டை ஊதிவிடும். பிரமாதமான கண்டுபிடிப்பு. நாம் விழுகிறோமா, சாவதானமாக இறங்குகிறோமா என்று மட்டும் அதற்குத் தெரியாது. எல்லாம் நல்லபடி முடிந்து, கயிற்றைக் கழற்றாமல் இறங்குபவர் லாரி நிறுத்துமிடத்தில் எப்போதும் ஒருவர் உண்டு. டமார் என்று ஒரு சத்தம். சுற்றியுள்ள குதிரையெல்லாம் ஒரு முழம் எழும்பும். அந்த மனிதர் கழுத்தைத் திருப்ப முடியாமல், அறுபது பேர் பார்க்க, பெருத்துப்போய் நிற்பார்.

கையில் கட்டும் மருத்துவ அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் ஒவ்வாமைகள், பழைய எலும்பு முறிவுகள், சாப்பிடும் மருந்துகள் எல்லாம் எழுதி, தோளுக்குக் கீழே கட்டிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். தேசிங்கு ராஜா தன் குதிரை பாராசாரியின் மேல் ஏறியபோது இப்படி ஓர் அட்டையைக் கட்டச் சொல்லியிருந்தால் செஞ்சிக்கு ஒரு கதைப்பாட்டு குறைந்திருக்கும். மருந்தாளராகச் சொல்கிறேன்: மிக நல்ல விதி. எடுக்காதீர்கள்.

இனி டிரஸாஜ், அந்தப் பணிவு நடைப் பரீட்சை. 20க்கு 40 மீட்டர் செவ்வகம். சுற்றிலும் எழுத்துகள்: ஏ-க்கு அடுத்து கே, அப்புறம் ஈ, ஹெச், சி. அகரவரிசையோடு தங்களுக்கு என்ன பகை என்று கேட்கமாட்டேன். எங்கள் வீட்டுக் கம்பளத்தில் அந்த வரிசையை நடந்து நடந்து மனப்பாடம் செய்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் இப்போது சமையலறைக்கு மூலைவிட்டமாகத்தான் போகிறார். ஆனால் அந்த மதிப்பெண் கணக்கு! ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு, கூட்டி, சதவீதமாக்கி, கடைசியில் அதை நூறிலிருந்து கழித்துவிடுகிறீர்கள். நான் 65 வாங்கினால் பலகையில் ஏறுவது 35. வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்காததை மட்டும் ஊருக்குச் சொல்லும் இந்த முறையைத் தாங்கள் எங்கள் உறவினர் வீடுகளில்தான் கற்றிருக்க வேண்டும். அதன்பிறகு நாள் முழுக்க அந்த எண் கூடத்தான் முடியும், குறையவே குறையாது.

உள்ளே போனபின் குதிரையோடு பேசக் கூடாது. நாக்கைச் சொடுக்கினாலும் மதிப்பெண் போகும். பாண்டிக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், நடுவருக்குப் புரியாது. இருந்தும் உதடு அசைந்தால் வினை. வெளியே பயிற்சித் திடலில் “மெதுவா, என் ராசா” என்றால் கழுத்தை வளைத்து நடப்பவன், மணி அடித்து, 45 விநாடிக்குள் நுழை என்றதும் நடுவரின் காரைப் பார்த்துக் காதை விறைத்துவிடுவான். மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் நரியைப் பரியாக்கினார், ராத்திரியானதும் அவை மறுபடி நரியாயின என்பது எங்கள் மதுரைக் கதை. அந்தப் பரிகள் இருட்டும்வரையாவது தாங்கின, பாண்டிய மன்னன் கையொப்பமிட்டு வாங்கும்வரை. இவன் ஏ-யைத் தாண்டும்வரைகூடத் தாங்குவதில்லை.

ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பு விழுந்தால் நான்கு குற்றப்புள்ளி. அதில் தகராறு ஏதுமில்லை. கம்பு விழுந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும்.

கிராஸ் கன்ட்ரிதான் நாங்கள் வருவதற்கே காரணம். எங்கள் பிரிவுக்கு நிமிடத்துக்கு 450 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். பள்ளிக்கூட வாசலில் கார் போக அனுமதித்த வேகத்தைவிடக் குறைவு. ஆனால் பள்ளிக்கூட வாசலில் நடுரோட்டில் மரக்கட்டை கிடக்காது, கீழே பள்ளம் இருக்காது, காருக்குச் சொந்த அபிப்பிராயமும் இருக்காது. ஒரு விநாடி தாமதத்துக்கு 0.4 குற்றப்புள்ளி. குதிரை ஒரு முறை மறுத்தால் 20. சிவப்புக் கொடி வலத்தே, வெள்ளை இடத்தே, நடுவே நானும் பாண்டியும் சேர்ந்தே இருக்க வேண்டும். நான் மட்டும் தாண்டுவது கணக்கில் வராது. விழுந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. பிறகு மருத்துவர் பார்த்து விடும்வரை வீட்டுக்கும் போக முடியாது.

இந்த இடத்தில் மட்டும் கேலியை இறக்கி வைக்கிறேன். 1999இல் இந்த நாட்டில் ஒரே பருவத்தில் ஐந்து வீரர்கள் இந்த விளையாட்டில் இறந்தார்கள். குதிரை முன்கால் தடையில் சிக்கிக் குட்டிக்கரணமாகப் புரண்டு வீரர் மேல் விழுவதுதான் இதில் மிகக் கொடியது. அதற்குப் பிறகு ஹார்ட்டிங்டன் பிரபு தலைமையில் குழு அமைந்தது, 2000இல் அறிக்கை வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், குதிரை பலமாக மோதினால் தானே முறிந்து கட்டையைக் கீழே விடும் ஆணிகள் உருவாகித் தடைகளில் ஏறின. தடையை வடிவமைப்பவருக்குத் தகுதி, ஒவ்வொரு தடத்துக்கும் பரிசோதனை, பக்கத்திலேயே மருத்துவ வண்டி. என் நூறு பவுண்டில் இதற்குப் போகும் பங்கைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. நுழைவுப் படிவத்தில் இதைத் தனி வரியாகக் காட்டினால் முணுமுணுக்காமல் கட்டுவேன்.

ஒவ்வொரு தடைக்கும் அருகே மடக்கு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் விசில், மடியில் தாள், ஒரு வாக்கி டாக்கி, தாங்கள் கொடுத்த மதிய உணவுப் பொட்டலம். சம்பளம் கிடையாது. மழையானாலும் கடைசிக் குதிரை போகும்வரை நகரமாட்டார். தொலைவில் என் சிவப்புச் சட்டையைக் கண்டதும் பாதையில் நாய் பிடித்து நிற்பவரை விலக்குவதும் அவரே, பாண்டி நின்றுவிட்டால் 20 என்று எழுதுவதும் அவரே, போகிறபோது “குட் லக்” என்று கத்துவதும் அவரே. தங்கள் விதிப்புத்தகம் முழுவதிலும் எனக்குப் பிடித்த ஜீவன் இவர்தான். முடிவுப் பட்டியலில் குதிரைக்குப் பெயர், சொந்தக்காரருக்குப் பெயர், விளம்பரதாரருக்கு எல்லாரையும்விடப் பெரிய பெயர். இவருக்கு மட்டும் தடை எண் ஏழு.

ஆகவே என் கோரிக்கைகள். தடை எண் ஏழுக்குப் பெயர் வையுங்கள். அடுத்து, போட்டி காலை 8.04க்கு என்றால் என் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதை எவரேனும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். பிடரி மயிரை முந்தின இரவே பின்னியாக வேண்டும். பாண்டி அதில் பாதியை விடிவதற்குள் சுவரில் தேய்த்து அவிழ்த்துவிடுவான். லாடத்தில் ஆணி திருக வேண்டும், அதற்குமுன் துளையில் அடைத்த பஞ்சை இருட்டில் தோண்டியெடுக்க வேண்டும். லாரியில் ஏற அவன் மனம் இசைய வேண்டும். முந்தின நாள் மருந்துக்கடை வேலை முடித்து வருபவர்களுக்குப் பதினொரு மணிக்கு மேல் ஒரு நேரம் ஒதுக்க முடியுமா?

கடைசியாக ஒன்று. ‘ஈ’, ‘ஆர்’ என்று பட்டியலில் போடும் எழுத்துகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘வந்து சேர்ந்தார்’. மற்றக் கட்டங்களை நீங்கள் என்ன வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளுங்கள், நான் மேல்முறையீடு செய்யமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உறுப்பினர் (கட்டணம் செலுத்தியாயிற்று).

இணைப்பு: பாண்டியின் பாஸ்போர்ட் நகல், தடுப்பூசிப் பக்கம் உட்பட. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ரசீது தேவை. ஞாயிறு மாலை என்ன ஆனாலும் கையில் ஏதோ ஒரு சான்றிதழோடு அம்மாவுக்கு ஃபோன் செய்ய வேண்டியிருக்கிறது.